குளியலறைப் பூஞ்சணம்

குளியலறைப் பூஞ்சணம் என்பது வீட்டுக் குளியலறையின் சுவர், கூரை, டைல்ஸ் இடுக்கு, கதவு, திரைச்சீலை முதலிய ஈரமான பரப்புகளில் படர்ந்து வளரும் நுண்ணிய பூஞ்சைகளின் தொகுதி ஆகும். இது கறுப்பு, சாம்பல், பச்சை அல்லது பழுப்பு நிறப் புள்ளிகளாகத் தோன்றி, நாளடைவில் ஒன்றோடொன்று இணைந்து திட்டுகளாகப் பரவுகின்றது. நனைந்த மண்ணின் வாடையை ஒத்த ஒருவகை முடைநாற்றமும் இதனுடன் சேர்ந்து காணப்படும்.

தூய்மைக் குறைவே பூஞ்சணத்துக்குக் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகின்றது. உண்மையில் இதன் முதற்காரணம் நீங்காத ஈரமே ஆகும். நாள்தோறும் கழுவித் தேய்க்கப்படும் குளியலறையிலும், அது உலராமல் இருந்தால் பூஞ்சணம் வளரும். எனவே கறையைத் தேய்த்து நீக்குவது பாதி வேலையே. ஈரம் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கண்டறிந்து அதனை நிறுத்துவதே நிலையான தீர்வாகும்.

பெயர்

பூஞ்சணம், பூசணம், பூஞ்சை, பூஞ்சைக்காளான் ஆகிய சொற்கள் தமிழில் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. ஊறுகாய், ரொட்டி, தோற்பொருட்கள் ஆகியவற்றின் மேல் படர்வதைப் "பூஞ்சணம் பூத்தல்" அல்லது "பூஞ்சணம் பிடித்தல்" என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவ்வுயிரினக் குழு பூஞ்சைகள் எனவும், இலங்கைப் பாடநூல்களில் பங்கசு எனவும் குறிப்பிடப்படுகின்றது. சுவரில் ஊறியிருக்கும் ஈரத்தைக் கட்டடத் தொழிலாளர்கள் ஓதம் என்பர்.

குளியலறையில் படியும் எல்லாக் கறைகளும் பூஞ்சணம் அல்ல. அதனோடு குழப்பிக் கொள்ளப்படும் சில கீழே தரப்பட்டுள்ளன.

* பாசி: பச்சை நிறமும் வழுவழுப்பும் கொண்டது. ஒளிச்சேர்க்கை செய்வதால் இதற்கு வெளிச்சம் தேவை. வெளிச்சம் படும் தரையிலும் வெளிச்சுவரிலும் காணப்படும்.
* உப்புப் பூத்தல்: சுவரின் உள்ளிருக்கும் உப்புகள் நீரில் கரைந்து, பரப்புக்கு வந்து, வெண்ணிறப் பொடியாகப் படிவது. இது உயிரற்றது. இவ்வுப்புகளில் பெரும்பாலானவை நீர் பட்டால் கரைந்துவிடும், பூஞ்சணம் கரைவதில்லை. ஆயினும் உப்புப் பூத்தலும் சுவருக்குள் நீர் நடமாடுவதற்கான அடையாளமே.
* இளஞ்சிவப்புப் படலம்: வடிகாலைச் சுற்றியும் வாளியின் அடியிலும் காணப்படும் வழுக்கலான படலம். இது பெரும்பாலும் செராட்டியா மார்செசென்ஸ் போன்ற பாக்டீரியாக்களாலோ ரோடோடொருலா என்னும் நொதியத்தாலோ உண்டாகின்றது.
* கடின நீர்க் கறை: உப்பு நீர் வழங்கப்படும் இடங்களில் குழாயிலும் டைல்ஸிலும் படியும் வெள்ளைச் சுண்ணப் படிவு.

உயிரியல்

பூஞ்சணம் தாவரமும் அன்று, விலங்கும் அன்று. இது பூஞ்சைகள் எனப்படும் தனி உயிரினப் பிரிவைச் சேர்ந்தது. பச்சையம் இல்லாததால் இது தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. மெல்லிய இழைகளாக வளர்ந்து, நொதிகளைச் சுரந்து, தான் பற்றியிருக்கும் பொருளிலுள்ள கரிமச் சேர்மங்களைச் சிதைத்து உறிஞ்சிக்கொள்கின்றது. கண்ணுக்குத் தெரியும் நிறத்திட்டில் இந்த இழைகளோடு, அவற்றின் மேல் உண்டாகும் வித்துகளும் அடங்கியுள்ளன.

பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை விட்டம் கொண்டவை. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். இவை வீட்டின் உள்ளும் புறமும் காற்றில் எப்போதும் மிதந்து கொண்டிருக்கின்றன. எனவே வித்துகளே நுழையாத குளியலறையை உருவாக்க இயலாது. விழுந்த வித்து முளைக்காமல் பார்த்துக்கொள்வதே மனிதரால் இயல்வது.

குளியலறைகளில் பொதுவாகக் காணப்படும் இனங்களுள் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், ஆல்ட்டர்னேரியா, ஆரியோபாசிடியம் ஆகியவை அடங்கும். டைல்ஸ் இடுக்கிலும் கூரையிலும் காணப்படும் கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் அல்லது ஆரியோபாசிடியம் வகையைச் சேர்ந்தவை. நிறத்தை மட்டும் கொண்டு இனத்தைக் கண்டறிய இயலாது. நீக்கும் முறை எல்லா இனங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வீட்டளவில் இனத்தைக் கண்டறியும் ஆய்வு பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

வளரத் தேவையானவை

பூஞ்சணம் வளர வித்து, உணவு, வெப்பநிலை, ஈரம் ஆகிய நான்கும் வேண்டும்.

உணவு: டைல்ஸும் கண்ணாடியும் பூஞ்சணத்துக்கு உணவாவதில்லை. அவற்றின் மேல் படியும் சவர்க்கார அழுக்கு, உடலிலிருந்து கழுவப்படும் எண்ணெயும் தோல் செதில்களும், தூசி ஆகியவையே உணவாகின்றன. மரக்கதவு, பருத்தித் துணி, காகிதம், சில வண்ணப்பூச்சுகளின் பிணைப்புப் பொருள் ஆகியவையும் உணவாகக் கூடியவை.

வெப்பநிலை: வீட்டுப் பூஞ்சணங்களில் பல 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வளரும். 25 முதல் 30 பாகை வரை அவற்றுக்கு மிகவும் உகந்தது. மனிதர் வசதியாக வாழும் வெப்பநிலையும் ஏறத்தாழ இதுவே.

ஈரம்: ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் சார் ஈரப்பதம் தொடர்ந்து 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அப்பரப்பில் பெரும்பாலான பூஞ்சணங்கள் முளைக்க இயலும். நீர்த்துளிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்நான்கில் வித்தையும் வெப்பநிலையையும் கட்டுப்படுத்துவது நடைமுறையில் இயலாது. உணவைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்க முடியாது. ஈரம் ஒன்றே மனிதரின் கையில் உள்ளது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நன்கு உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் அதில் பூஞ்சணம் வளர்வதில்லை என ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகின்றது. குளியலறை ஒவ்வொரு நாளும் பலமுறை நனைவதால், ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் இடையில் அது உலர்கின்றதா என்பதே முதன்மையான கேள்வியாகும்.

ஈரம் வரும் வழிகள்

நீராவி படிதல்

வெப்பமான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் இது ஏறத்தாழ 17 கிராமாகக் குறைகின்றது. வெந்நீரில் குளிக்கும்போது நீராவி நிறைந்த காற்று குளிர்ந்த சுவரையோ கூரையையோ தொட்டால், தாங்க இயலாத மிகுதி நீர்த்துளியாகப் படிகின்றது. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலை நகரங்களில் இவ்வகை ஈரமே மிகுதி.

கடற்கரை நகரங்களில் இது வேறு வகையில் நிகழ்கின்றது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழ் குளிர்ந்தாலே நீரை உதிர்க்கத் தொடங்கும். குளியலறையை அடுத்த படுக்கையறையில் குளிர்சாதனம் 24 பாகையில் இரவு முழுவதும் இயங்கினால், இரண்டுக்கும் பொதுவான சுவர் குளிர்ந்து, அதன் குளியலறைப் பக்கத்தில் ஈரம் படியலாம். குளியலறையின் ஒரு சுவரில் மட்டும் பூஞ்சணம் பிடிப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

தேங்கும் நீர்

தரையின் வாட்டம் சரியாக இல்லாவிடில் மூலைகளில் நீர் தேங்கும். மூடிய குளியலறையில் காயப்போடும் ஈரத்துணி, விரிக்கப்படாமல் சுருண்டு கிடக்கும் பிளாஸ்டிக் திரை, எப்போதும் நனைந்திருக்கும் கால்மிதி, தேய்க்கும் நார் ஆகியவையும் ஈரத்தைத் தேக்கி வைக்கின்றன.

கசிவு

சுவருக்குள் செல்லும் குழாயின் இணைப்பு, தரை வடிகாலின் சுற்றுப்புறம், டைல்ஸ் இணைப்புகளில் விழுந்த வெடிப்பு, மேல்மாடிக் குளியலறை, மொட்டைமாடி ஆகியவற்றிலிருந்து கசிவு வரலாம். தமிழ்நாட்டு அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்வாக அமைக்கப்பட்டு, அப்பள்ளத்தில் குழாய்கள் பதிக்கப்பட்டு, உடைந்த செங்கல் போன்றவற்றால் நிரப்பப்படுகின்றது. இக்குழாய்கள் கசிந்தால் அப்பள்ளம் நீர்த்தொட்டி போலாகிவிடும். அதன் விளைவு முதலில் கீழ்வீட்டுக் கூரையிலேயே தென்படும். இதனால், பூஞ்சணம் ஒரு வீட்டிலும் அதன் காரணம் வேறொரு வீட்டிலும் இருப்பது உண்டு.

காரணத்தைக் கண்டறிதல்

பூஞ்சணம் எங்கே, எவ்வடிவில் பரவியுள்ளது என்பதே முதல் தடயமாகும். கூரை முழுவதும் சிதறிய புள்ளிகள் பொதுவாக நீராவி படிதலைக் காட்டும். ஓரிடத்தை மையமாகக் கொண்டு வளையமாகவோ கீழ்நோக்கிய வழிசலாகவோ இருப்பது கசிவைக் காட்டும். பின்வரும் எளிய சோதனைகளும் உதவும்.

1. தாள் சோதனை: சுவரின் ஒரு பகுதியை நன்கு துடைத்து உலர்த்தி, ஏறத்தாழ ஓர் அடிச் சதுர அளவுள்ள பிளாஸ்டிக் தாளையோ அலுமினியத் தாளையோ நான்கு ஓரமும் நாடாவால் மூடி ஒட்ட வேண்டும். ஓரிரு நாள் கழித்துப் பார்க்கையில் தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வந்த ஈரம். உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வந்த ஈரம்.
2. தொட்டிச் சோதனை: தொட்டிக்கு நீர் வரும் வழியை அடைத்துவிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடி, இரவில் நீர்மட்டத்தைக் குறித்து வைக்க வேண்டும். எவரும் நீரைப் பயன்படுத்தாத நிலையில் காலையில் மட்டம் குறைந்திருந்தால், தொட்டியிலோ நீர் வழங்கும் குழாயிலோ கசிவு உள்ளது.
3. நீர் கட்டிப் பார்த்தல்: தரை வடிகாலை அடைத்து, சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி, 24 மணி நேரம் விட்டுக் கீழ்த்தளக் கூரையைக் கவனிக்க வேண்டும். ஈரம் தோன்றினாலோ கூடினாலோ தளத்தின் நீர்த்தடுப்பு பழுதாகியுள்ளது எனலாம். அடுக்குமாடியில் கீழ்வீட்டாருக்கு முன்னறிவித்த பின்னரே இதைச் செய்தல் நன்று.

உடல்நல விளைவுகள்

பூஞ்சண வித்துகளையும் இழைத் துணுக்குகளையும் சுவாசிப்பதால் சிலருக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் எரிச்சல், இருமல், இளைப்பு ஆகியவை உண்டாகின்றன. ஈரமான வீடுகள் பற்றி ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை, பூஞ்சணத்துக்கும் மேல் சுவாசக்குழல் அறிகுறிகள், இருமல், இளைப்பு, ஒவ்வாமை உடையோரின் ஆஸ்துமா அறிகுறிகள் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டு என முடிவு செய்தது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2009 இல் ஈரமும் பூஞ்சணமும் குறித்த உள்ளகக் காற்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. "இவ்வளவு வரை தீங்கில்லை" என்னும் அளவு எதையும் அந்நெறிகள் வரையறுக்கவில்லை. ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தடுப்பதும் நீக்குவதுமே அவற்றின் பரிந்துரையாகும்.

குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உடையோர் ஆகியோர் எளிதில் பாதிக்கப்படுகின்றனர். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் போன்ற நோயெதிர்ப்பு குன்றியோருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் நுரையீரல் தொற்றை ஏற்படுத்தக்கூடும். இவர்கள் பூஞ்சணத்தைத் தாமே நீக்க முற்படலாகாது; நீக்கும் நேரத்தில் அருகில் இருத்தலும் ஆகாது.

"நச்சுக் கரும்பூஞ்சணம்"

ஸ்டாக்கிபோட்ரிஸ் சார்ட்டாரம் என்னும் கறுப்பு நிறப் பூஞ்சணம் செய்திகளில் பெரிதும் அச்சமூட்டும் வகையில் பேசப்பட்டது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் குருதிக் கசிவு ஏற்பட்டபோது இப்பூஞ்சணத்தின் மீது ஐயம் எழுந்தது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வுகளை மறுபரிசீலனை செய்து, இத்தொடர்பு நிறுவப்படவில்லை என 2000 ஆம் ஆண்டில் அறிவித்தது. இது நாட்கணக்கில் நீர் ஊறிய காகிதம், அட்டை, மரம் போன்ற பொருட்களில் வளர்வது. டைல்ஸ் இடுக்கில் காணப்படும் சாதாரணக் கறுப்புப் புள்ளிகள் பொதுவாக இதுவல்ல.

கரும்பூஞ்சை நோய்

2021 ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் "கரும்பூஞ்சை" என்னும் பெயரில் பரவலாகப் பேசப்பட்ட நோய் மியூக்கோர்மைக்கோசிஸ் ஆகும். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அவ்வாண்டு மே மாதத்தில் இதனை அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தன. இது ரைசோபஸ் முதலிய வேறு குழுப் பூஞ்சைகளால் உண்டாவது. கட்டுக்கடங்காத நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்துப் பயன்பாடு ஆகியவை இதற்கு வழிவகுத்தன. நோயுற்ற திசு இறந்து கறுப்பதாலேயே இப்பெயர் வழங்கலாயிற்று. குளியலறைச் சுவரின் கறுப்புப் புள்ளிகளால் இந்நோய் வருவதில்லை.

நீக்கும் முறை

பூஞ்சணம் பிடித்த பரப்பு ஏறத்தாழ 10 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் வீட்டாரே நீக்கலாம் என்பது ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பொது வழிகாட்டல். அதைவிடப் பெரிய பரப்பாயினும், கழிவுநீர் கலந்த ஈரமாயினும் பயிற்சி பெற்றோரை நாடுதல் நன்று.

1. சாளரத்தைத் திறந்து, வீட்டின் உட்பக்கக் கதவைச் சாத்த வேண்டும். ரப்பர் கையுறை, கண்களை மூடும் கண்ணாடி, என்95 வகை முகக்கவசம் ஆகியவற்றை அணிதல் வேண்டும்.
2. உலர்ந்த நிலையில் துடைப்பத்தாலோ தூரிகையாலோ தேய்க்கலாகாது. அவ்வாறு செய்தால் வித்துகள் காற்றில் பறந்து பிற அறைகளுக்கும் பரவும். முதலில் பரப்பை நனைக்க வேண்டும்.
3. சவர்க்காரத் தூள் அல்லது சலவைச் சோடா கரைத்த நீரால் கெட்டித் தூரிகை கொண்டு தேய்க்க வேண்டும். டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற உறிஞ்சாத பரப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.
4. தூய நீரால் கழுவி, துணியால் துடைத்து, விசிறி கொண்டு முழுமையாக உலர்த்த வேண்டும். இப்படி உலர்த்துதல் தேய்த்தலைப் போலவே இன்றியமையாதது.
5. திரைச்சீலை, கால்மிதி முதலியவற்றைச் சவர்க்கார நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். உளுத்த மரம், ஊறிய அட்டை ஆகியவற்றை நீக்கிவிடுதல் வேண்டும்.
6. டைல்ஸ் ஓரங்களில் பூசப்பட்ட சிலிக்கோன் பசையின் உள்ளே கறுப்பு ஊடுருவியிருந்தால் அது கழுவினால் போகாது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இடத்தை நன்கு உலர்த்திய பின் புதிதாகப் பூச வேண்டும்.
7. காரை பொரிந்து ஈரம் ஊறிய சுவரில், கசிவை நிறுத்திய பின் பழுதான காரையைக் கொத்தி எடுத்து, சுவர் உலர்ந்ததும் மறுபூச்சு செய்ய வேண்டும்.

வேதிப்பொருட்கள்

பிளீச்சிங் பவுடரும், திரவ வடிவில் விற்கப்படும் சோடியம் ஐப்போகுளோரைட்டும் பூஞ்சணத்தைக் கொல்வதோடு கறையையும் வெளுக்கச் செய்கின்றன. பிளீச்சிங் பவுடருக்குத் தமிழ்ப் பாடநூல்களில் சலவைத்தூள் என்று பெயர். துணி துவைக்கும் பவுடர் வேறு. இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்க வல்லது என்பதால், கொல்வது மட்டும் போதாது, தேய்த்து அகற்றவும் வேண்டும். காரை, மரம் போன்ற துளையுள்ள பொருட்களில் இவை மேற்பரப்பை வெளுத்தாலும் உள்ளிருக்கும் இழைகளை முழுதும் அடைவதில்லை. இதனால் சில வாரங்களில் அதே இடத்தில் கறை மீண்டும் தோன்றும். மேற்குறித்த முகமையும் இவற்றை வழக்கமான முறையாகப் பரிந்துரைப்பதில்லை. பயன்படுத்துவதாயின், திரவ வெளுப்பானை 3.8 லிட்டர் நீருக்கு 240 மில்லிலிட்டருக்கு மேற்படாமல் கலத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமும் 3 விழுக்காட்டு ஐதரசன் பெரொக்சைடும் சில வகைப் பூஞ்சணங்களைக் கட்டுப்படுத்தும். ஐதரோகுளோரிக் அமிலம் கொண்ட "ஆசிட்" வகைத் துப்புரவுத் திரவங்கள் பூஞ்சணத்துக்கு ஏற்றவை அல்ல. இவை டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டை அரித்துத் துளைகளைப் பெரிதாக்குகின்றன. அத்துளைகளில் நீர் தங்குவதால், முன்னைவிட எளிதில் பூஞ்சணம் பிடிக்கும்.

எச்சரிக்கை

பிளீச்சிங் பவுடரையோ ஐப்போகுளோரைட்டுத் திரவத்தையோ ஆசிட், வினிகர் உள்ளிட்ட எந்த அமிலத்துடனும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வளிமம் வெளிப்படும். அமோனியா கலந்த துப்புரவுப் பொருளுடன் கலந்தால் குளோரமின் என்னும் நச்சு வளிமங்கள் உண்டாகும். 1915 ஏப்ரல் 22 ஆம் நாள் முதலாம் உலகப்போரில் ஈப்பர் களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட வளிமம் குளோரினே ஆகும். இது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் சிறிய குளியலறையில் தரையை ஒட்டித் தங்கி, குனிந்தோ அமர்ந்தோ தேய்ப்பவரின் மூச்சில் நேரடியாகக் கலக்கும்.

ஒரு பொருளை ஊற்றிய இடத்தில் அது முற்றிலும் கழுவப்படாத நிலையில் மற்றொன்றை ஊற்றுவதும் கலப்பதற்குச் சமமே. கண் எரிச்சலோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், கழுவுவதை விட்டுவிட்டு உடனே வெளிக்காற்றுக்குச் செல்ல வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். ஆகவே திணறல் தணிந்தாலும் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது.

தடுக்கும் வழிகள்

* குளித்து முடித்தவுடன் தரையையும் சுவரையும் ரப்பர் வைப்பரால் தள்ளி நீரை வடித்துவிடுதல். ஓரிரு நிமிடங்களில் முடியும் இச்செயல், அறைக் காற்றில் ஆவியாகச் சேர வேண்டிய நீரின் பெரும்பகுதியை வடிகாலுக்கு அனுப்பிவிடுகின்றது.
* சாளரத்தையோ காற்றுவாரியையோ திறந்து வைத்தல். கண்ணாடிப் பலகைகள் கொண்ட காற்றுவாரிகளைத் தூசி அடையாமல் பேணுதல்.
* எக்சாஸ்ட் ஃபேன் எனப்படும் காற்று வெளியேற்றும் விசிறியைக் குளியலின்போதும் அதன் பின் குறைந்தது 15 நிமிடமும் இயக்குதல். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் குளியலறைக்கு நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி வேண்டும் எனக் குறிக்கப்பட்டுள்ளது. 10 கன மீட்டர் கொள்ளளவுள்ள சிறு குளியலறையில் இது மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் காற்றை மாற்றும்.
* விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று நுழைய வழி இருத்தல். கதவின் அடியில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இடைவெளி இதற்கு உதவும். விசிறியின் வெளிவாய் பொய்க்கூரைக்குள் முடியாமல் கட்டடத்துக்கு வெளியே திறக்க வேண்டும்.
* ஈரத்துணிகளைக் குளியலறையில் காயப்போடாதிருத்தல். துண்டு, நார், கால்மிதி ஆகியவற்றை வெளியே உலர்த்துதல்.
* வாரம் ஒருமுறை சவர்க்கார அழுக்கைத் தேய்த்து நீக்குதல். இது பூஞ்சணத்துக்கான உணவைக் குறைக்கின்றது.
* சொட்டும் குழாய், வெடித்த டைல்ஸ் இணைப்பு ஆகியவற்றை உடனுக்குடன் சீர்செய்தல்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக் கடற்கரைப் பகுதிகளில் வெளிக்காற்றே ஈரம் மிகுந்திருக்கும். அப்போது சாளரத்தைத் திறந்து வைப்பதால் மட்டும் குளியலறை விரைவில் உலர்வதில்லை. நீரைத் தள்ளித் துடைப்பதும் விசிறியை இயக்குவதும் அக்காலத்தில் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும்

நீற்றிய சுண்ணாம்பு வன்மையான காரத்தன்மை உடையது. புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கப்பட்ட சுவரில் பூஞ்சணம் எளிதில் வளராமைக்கு இதுவே காரணம். காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறுவதால் இக்காரத்தன்மை நாளடைவில் குறைந்துவிடும். ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கம் இக்குறையை ஈடுசெய்தது.

தற்காலத்தில் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த வண்ணப்பூச்சுகள் கிடைக்கின்றன. தூய்மையாக்கி உலர்த்திய சுவரில் பூசினால் மட்டுமே இவை பயன்தரும். பூஞ்சணத்தின் மேலேயே வண்ணம் பூசினால் அது அடியிலிருந்து வளர்ந்து வெளிப்படுவதோடு, வண்ணமும் உரிந்துவிடும்.

வாடகை வீடும் பொறுப்பும்

கசிவினாலோ காற்றோட்டமற்ற கட்டமைப்பினாலோ வரும் பூஞ்சணத்தைக் குடியிருப்போர் எவ்வளவு தேய்த்தும் நிறுத்த இயலாது. ஆயினும் அவர்களுடைய பழக்கமே காரணம் எனக் குற்றஞ்சாட்டப்படுவது பல நாடுகளிலும் காணப்படுகின்றது. இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதை இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நிகழ்ந்த இறப்பு ஒன்று காட்டியது.

அந்நகரில் சமூக வாடகை வீடொன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்னும் 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அவ்வீட்டின் குளியலறையிலும் சமையலறையிலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. குழந்தையின் தந்தை 2017 இலேயே முறையிட்டபோது, அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு கூறப்பட்டது. குடும்பத்தினரின் வாழ்க்கைமுறையே காரணம் என வீட்டு நிறுவனம் கருதியது. அக்கருத்து பிழையானது எனப் பின்னர் ஒப்புக்கொண்டது. வீட்டில் நெடுநாள் பூஞ்சணத்துக்கு உட்பட்டதால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே இறப்புக்குக் காரணம் எனவும், வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லை எனவும் 2022 நவம்பரில் இறப்பு விசாரணை அதிகாரி முடிவு செய்தார்.

இதன் விளைவாக 2023 ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் "அவாப் சட்டம்" எனப்படும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் விதிகள் இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைக்கும் ஈரம் அல்லது பூஞ்சணம் பற்றிய முறையீடு கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் சமூக வீட்டு உரிமையாளர் ஆய்வு செய்ய வேண்டும். கேடு உறுதியானால் ஆய்வு முடிந்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். உடனடி ஆபத்து விளைப்பவற்றை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வாடகை உறவுகள் 2017 ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இச்சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவகையாகக் கூறப்படாதவிடத்து, கட்டட அமைப்புப் பழுதுகளும் குழாய்களை மாற்றுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்றும், குழாய் வாஷர் மாற்றுதல், வடிகால் துப்புரவு போன்றவை வாடகைதாரரின் பொறுப்பு என்றும் அதன் அட்டவணை பிரிக்கின்றது. எனவே பூஞ்சணத்துக்குக் காரணம் சுவருக்குள் செல்லும் குழாயா, அடைபட்ட வடிகாலா என்பதைக் கண்டறிவது, சீர்செய்யும் செலவு யாருடையது என்பதை முடிவு செய்யவும் தேவைப்படுகின்றது. பூஞ்சணம் பரவிய இடங்களை நாள் குறித்துப் படம் எடுத்து வைப்பதும், முறையீட்டை எழுத்தில் தருவதும் இத்தகைய நிலையில் பயன்படும்.

இவற்றையும் பார்க்க

* பூஞ்சை
* சார் ஈரப்பதம்
* பனிநிலை
* ஆஸ்துமா
* குளோரின்
* சுண்ணாம்பு